தொடுகிற கை

எங்கள் மாலைநேரப் படிப்பகத்துக்கு வரும் பிளஸ் டூ பிள்ளைகளிடம் "ஏன் நர்சிங்?" என்று கேட்டோம். சேவை, சம்பளம் என்று பதில்கள் வந்தன. ஒரு தங்கை மட்டும், "அம்மாவுக்கு ஊசி போட்ட அக்கா எந்தத் தெருன்னு கேக்கல. கையப் புடிச்சுக்கிட்டாங்க. அதான்" என்றாள்.

தோழர்களே, 1929இல் கத்தியவாரில் நடந்ததை அம்பேத்கர் எழுதியிருக்கிறார். பிரசவித்து நோயுற்ற தலித் பெண்ணைப் பார்க்க மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். வெளியே கொண்டுவரச் சொன்னார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுத்தார். கணவர் மனைவிக்கு வைத்தார். திரும்பியதும் அதே வழியில்தான். அந்தப் பெண் இறந்துபோனார். கணவர் ஒரு பள்ளி ஆசிரியர். படிப்பும் அவரைக் காக்கவில்லை.

மருத்துவத்தில் தொடுதல்தான் முதல் வேலை. தீண்டாமை தடுத்ததும் அதைத்தான். எனவே, நம் பிள்ளைகள் அந்த வேலைக்குப் போவது வெறும் பிழைப்பு அல்ல.

ஆனால் எங்கள் தவறையும் சொல்ல வேண்டும். அந்தத் தங்கைதான் உயிரியலில் வகுப்பிலேயே முதல். 'டாக்டர்' என்ற சொல் அவள் வாயிலும் வரவில்லை, எங்கள் வாயிலும் வரவில்லை. 1200க்கு 1176 எடுத்த அரியலூர் அனிதாவை 2017இல் இழந்த பயம் எங்களுக்குள் உறைந்திருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இலேயே வந்துவிட்டது. அதைக்கூட அவளிடம் நாங்கள் சொல்லியிருக்கவில்லை.

இப்போது சொல்லிவிட்டோம். நர்சிங்கோ டாக்டரோ, அவளே முடிவுசெய்யட்டும். எங்கள் பயம் அவளுக்காக முடிவுசெய்யக் கூடாது.