இறகும் இழையும்

தென்னேரி ஏரிக்குத் திரையன் ஏரி என்பதே பழைய பெயர். நாளடைவில் மருவிவிட்டது என்பார்கள். தண்ணீர் நிறைந்த மாதங்களில் கரையெங்கும் பையன்கள் தூண்டிலும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். முள்ளில் மண்புழுவைக் கோத்து வீசுவதோடு அவர்கள் வித்தை முடிந்தது. நூலாலும் இறகாலும் பொய்ப்பூச்சி கட்டி மீனை ஏமாற்றலாம் என்றால் சிரிப்பார்கள். கெண்டைக்கு அத்தனை உபசாரம் எதற்கு?

அந்த உபசாரமெல்லாம் டிரௌட் மீனுக்குத்தான். 1860களில் பிரான்சிஸ் டே அதை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. 1900களின் முதற் பத்தாண்டில் எச். சி. வில்சன் வானவில் டிரௌட்டைக் குளிர்ந்த ஓடைகளில் குடியேற்றினார். நீர்மேல் விழும் பூச்சியைப் பாய்ந்து கவ்வுவது அதன் சுபாவம்.

ஒரு நாவலுக்கு விவரம் தேடிக் குன்னூருக்குப் போன இடத்தில், தேயிலைத் தோட்டத்துப் பெரியவர் ஒருவரிடம் இந்தக் கலையைக் கற்றேன். முள்ளின் எண் ஏற ஏற முள் சிறுக்கும். 12ஐ விட 16 பொடிசு. அதைச் சிறு இடுக்கியில் பொருத்தி, நூலைச் சுற்றி, முயல் ரோமத்தைத் திரித்து உடம்பாக்க வேண்டும். சேவலின் கழுத்திறகை இரண்டு சுற்றுச் சுற்றினால் கால்கள். கடைசியில் ஒரு முடிச்சு, ஒரு சொட்டு வார்னிஷ். நூல் தளர்ந்தால் எல்லாம் அவிழும், இறுக்கினால் அறும். இரண்டுக்கும் நடுவில் விரலை நிறுத்துவதுதான் வித்தை. முன்பெல்லாம் இதற்குப் பட்டு நூலே வழக்கமாம்.

பெரியவர் தம் தகப்பனார் காலத்துப் பூச்சி ஒன்றையும் காட்டினார். மஞ்சள் மெழுகைச் சொட்டியதுபோல் அதில் ஓர் இறகு மினுங்கிற்று. நம் மலைகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகு அது. சீமையில் சால்மன் பிடிக்கிறவர்களுக்கு அதன்மேல் தீராத மோகம்; அதற்காக இங்கே சேவல்கள் மடிந்தன. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று அதைக் கொல்வது குற்றம்.

தென்னேரியில் சித்தப்பாவிடம் என் முள்ளையும் பட்டு நூலையும் கொடுத்தேன். பழைய பாவோடு புதுப் பாவைச் சேர்க்க, ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கி இணைத்த விரல்கள் அவருடையவை. இப்போது கண் மங்கிவிட்டது. தடவித் தடவியே நான் கட்டியதைவிட நேர்த்தியாக ஒரு பூச்சி கட்டிவிட்டார். காட்டுக்கோழியின் கதையைச் சொன்னேன்.

"கோழிக்காக வருத்தப்படறே, நல்லதுதான்டா. இந்த நூலுக்கு எத்தனை புழு வெந்நீர்லே போச்சுன்னு நினைச்சியா?" என்றார்.

எனக்குப் பேச்சு எழவில்லை. அவரே மேலே சொன்னார்: "அதனாலேதான் எங்கப்பா ஓர் இழையைக்கூட வீணாக்க விடமாட்டார்."

நறுக்கி எறிய வைத்திருந்த நூல் துண்டுகளை அவர் விரல்கள் திண்ணையில் துழாவிப் பொறுக்கின. அந்தத் துண்டுகள் இப்போது என் மேஜையில் ஒரு சிமிழில் இருக்கின்றன. 16ஆம் எண் முள்ளுக்கு அவ்வளவு நூலே தாராளம்.