சாரி கார்டு

அப்பா 1984-ல் வாங்கிய புல்லட், அவர் போன பிறகு மாடிப்படிக்கு அடியில் பழைய பேப்பர் கட்டுகளைச் சுமந்துகொண்டு நின்றது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்று ஊரோடு ஒத்துப்போகாத வண்டி. அப்பா மாதிரியே!

"இதை கஃபே ரேஸரா மாத்தப் போறேம்மா."

"காபி விக்கப் போறியா?"

விளக்கினேன். 1960-களில் லண்டன் ஏஸ் கஃபேயில் கூடிய இளவட்டங்கள், கனமானதையெல்லாம் கழற்றி, ஹாண்டில்பாரைத் தாழ்த்தி, குப்புறப் படுத்தபடி மணிக்கு 100 மைலைத் தொடப் பறப்பார்கள்.

"கீழே விழறதுக்கு இவ்வளவு செலவா?" என்றாள்.

புதுப்பேட்டையில் அலைந்து பிஸ்டன், ஒற்றை ஆள் சீட் எல்லாம் வாங்கினேன். மூன்று மாதச் சம்பளம் ஸ்வாஹா! மெக்கானிக் பாய், சாரி கார்டைக் கழற்றி எடைக்குப் போட வைத்தார். மறுநாள் அதைக் காணோம்.

எல்லாம் முடிந்து இருபது உதை உதைத்தேன். வண்டி இருமக்கூட இல்லை. வாசற்படியிலிருந்து அம்மாவின் குரல்: "ஆம்பியர் முள்ளு நடுவுல வரட்டும். அப்புறம் லீவரைப் பிடிச்சு லேசா ஒரு மிதி. லீவரை விட்டுட்டு உதை."

டப்... டப்... டப்!

"உனக்கெப்படிம்மா தெரியும்?"

"முப்பது வருஷம் பக்கத்துலயே நின்னவடா. என் எடத்தைத்தான் எடுத்துட்டியே!" என்று சிரித்தபடி, புடவைத் தலைப்பால் எதையோ துடைத்தாள். சாரி கார்டு!

மறுபடி பாயிடம் ஓடினேன். பழைய நீள சீட்டே ஏறிவிட்டது. இப்போது என் கஃபே ரேஸர், சாரி கார்டு பளபளக்க, வெள்ளிக்கிழமைதோறும் 30 கிலோமீட்டர் வேகத்தில் கோயிலுக்குப் பறக்கிறது!