கரையில் ஒரு பகல்

வையம்பட்டிப் பக்கத்தில் கடல் என்றால் வேளாங்கண்ணி என்றுதான் பொருள். செம்மண் காடும் மானாவாரிச் சோளமும் நிலக்கடலையுமாக வாழும் எங்கள் மக்கள், நேர்ச்சை இருந்தால்தான் கடற்கரைக்குப் போவார்கள். ஆகஸ்டு 29 அன்று கொடி ஏறும் நாளையொட்டிக் காவி உடுத்தி நடப்பவர்கள் நடப்பார்கள். மற்றவர்கள் வேன் பிடிப்பார்கள். முடி இறக்கி, மெழுகுதிரி ஏற்றி, கடலில் ஒரு முழுக்குப் போட்டு, மறுநாள் விடியலில் தத்தம் வயலில் நிற்பார்கள். கடலைப் பார்ப்பதற்கென்றே ஒரு நாளை ஒதுக்குவது எங்களுக்குப் பழக்கமில்லை. வேலையற்றவர் செயல் என்றுகூடச் சிலர் சொல்லக்கூடும்.

என் மூத்த சகோதரியும் அப்படி எண்ணுகிறவர்தாம். படுக்கையில் கிடந்த எங்கள் தாயாரை ஒன்பது ஆண்டுகள் பேணியவர் அவர். சில மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டியிருந்ததால், அந்த ஒன்பது ஆண்டுகளில் ஓர் இரவும் அவர் வெளியூரில் தங்கியதில்லை. அம்மா இறைவனடி சேர்ந்து முதலாண்டு நினைவுத் திருப்பலியும் முடிந்த பிறகும், அக்காவின் உடல் அந்தக் கணக்கை மறக்கவில்லை. நள்ளிரவில் எழுந்து, வெறுங்கட்டிலருகே சற்று நின்றுவிட்டுத் திரும்புவார். எங்காவது போய் வரலாம் என்று நான் அழைத்தபோது, "எதுக்குத் தம்பி? நேர்ச்சை ஒண்ணும் இல்லையே" என்றார்.

ஒருவாறு இணங்க வைத்து, மாசி மாதத்தில் ஒரு வார நாளில் புறப்பட்டோம். முந்திய மாலையே மயிலாடுதுறை சென்று உறவினர் வீட்டில் தங்கி, காலைப் பேருந்தில் பூம்புகாரை அடைந்தோம். விழாக் காலம் இல்லையாதலால் கரையில் கூட்டம் இல்லை. காவிரி கடலில் கலக்கும் இடம்வரை மணலில் நடந்தோம். திருச்சியில் இருகரை காணாத அகண்ட காவிரியைக் கண்டு பழகிய அக்கா, அங்கே ஒரு வாய்க்கால்போல் ஒடுங்கிக் கிடந்த நீரைப் பார்த்துத் திகைத்துவிட்டார். "இவ்வளவுதானா நம்ம காவிரி?"

நான் விளக்கினேன். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் வெண்ணாறு பிரிகிறது. 1934-இல் திறக்கப்பட்ட கல்லணைக் கால்வாய் ஒரு பங்கைக் கொண்டு போகிறது. அப்பால் குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று கிளை கிளையாகப் பிரிந்து சோழநாட்டு வயல்களுக்குப் போய்விடுகிறது. மிஞ்சியதுதான் இங்கே வந்து சேர்கிறது. அக்கா நெடுநேரம் அந்த நீரையே பார்த்திருந்தார். "எல்லாத்தையும் கொடுத்துட்டு வந்திருக்கு" என்றார். குறை சொல்லும் குரலாக அது எனக்குப் படவில்லை.

நண்பகலுக்குள் தரங்கம்பாடி சேர்ந்தோம். தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்று டேனியர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை, வெளிர் மஞ்சள் நிறத்தில் கடலைப் பார்த்து நிற்கிறது. அருகே பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோவில். அதன் முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுவிட்டது. 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு டேனியர் போய்விட்டனர். அதன்பின் இந்த ஊரை அவசரப்படுத்த எவரும் இல்லை போலும். அரச வீதியில் எங்கள் காலடி எங்களுக்கே கேட்டது.

1718-இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்துள் சீகன்பால்கு ஐயரின் கல்லறை இருக்கிறது. 1706-இல் வந்திறங்கி, தமிழ் கற்று, அச்சகம் நிறுவி, 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றியவர். 1719-இல் இறந்தபோது அவருக்கு வயது 36. அவர் காலத்துக்குப் பின் நம் வீரமாமுனிவர் தரங்கம்பாடி மிஷனரிமாரோடு எழுத்தில் கடுமையாக மோதியதை இலக்கிய வரலாறு அறிந்தோர் அறிவர். வேத விளக்கமும் பேதகமறுத்தலும் அந்தப் போரில் பிறந்தவை. இன்றோ, இரு சபையாரும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு 1995-இல் வெளிவந்து நம் வீடுகளில் இருக்கிறது. அம்மாவின் தலைமாட்டில் அமர்ந்து அக்கா வாசித்ததும் அந்த விவிலியத்தைத்தான். கல்லறைமுன் அவர் சிலுவை அடையாளம் வரைந்து, சிறிது நேரம் செபித்தார். நானும் உடன் நின்றேன்.

மாலையில் மீண்டும் கரைக்கு வந்தோம். கருவாடு அள்ளிக்கொண்டிருந்த ஒரு மீனவத் தாயோடு அக்கா பேச்சுக் கொடுத்தார். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தத் தாயும் தம் வீட்டில் இருவரைப் பறிகொடுத்தவர். "இந்தக் கடலைப் பார்த்தா பயமா இல்லையா?" என்று அக்கா கேட்டார்.

"ரெண்டு வருசம் இந்தப் பக்கமே திரும்பலைம்மா. அப்புறம் ஒருநாள் வந்து உட்கார்ந்தேன். ஒண்ணும் செய்யல, சும்மா உட்கார்ந்தேன். தேவலாம் போல இருந்துச்சு." இதைச் சொல்லிவிட்டு அவர் அக்காவை ஏறிட்டுப் பார்த்தார். "நீங்க ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க? உட்காருங்க."

காலையிலிருந்து பையைத் தோளில் மாட்டியபடியே நின்றிருந்த அக்கா, அப்போதுதான் அதை இறக்கி வைத்து மணலில் அமர்ந்தார். இருள் சூழும்வரை எழவில்லை, செபமாலையைக்கூட எடுக்கவில்லை. அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில், பணி முடித்துத் திரும்பிய சீடர்களுக்கு உண்ணவும் நேரமில்லாததைக் கண்டு, தனிமையான இடத்துக்கு வந்து சற்று ஓய்வெடுக்குமாறு இயேசு அழைக்கிறார். உழைப்பைப் போற்றும் நாம் அந்த அழைப்பை எளிதாகத் தாண்டிவிடுகிறோம். பிறருக்காகத் தேய்ந்தவர்களோ, ஓய்வைத் தாமாகக் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்றே அவர்களுக்குத் தோன்றுவதில்லை. யாராவது ஒருவர் பையை இறக்கி வைக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்கா இன்னும் சில இரவுகளில் எழத்தான் செய்கிறார். ஆனால் எழுந்தவர் மீண்டும் படுத்து உறங்கிவிடுகிறாராம், அவரே சொன்னார். வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கக்கூடும். நேர்ச்சை எதுவும் இல்லாத ஒரு நாளில், அவரை ஒருமுறை கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள்.