சுவரில் நின்ற தொழிலாளர்

அமெரிக்காவிலே மேய்ன் என்றொரு மாநிலம், தலைநகர் அகஸ்டா. அங்குள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் 2008ஆம் ஆண்டு 11 பலகைகள் கொண்ட ஓவியமொன்று இடம்பெற்றது. தீட்டியவர் ஜூடி டெய்லர் எனும் பெண்மணி. மன்னரில்லை அதில், மகுடமில்லை, வானிறங்கிய தேவதையுமில்லை. நெசவாலையில் நலிந்தோர், காட்டிலே மரம் வெட்டியோர், பள்ளிப் பருவத்தில் பணிக்கு அனுப்பப்பட்ட சிறார், 1937இல் வேலைநிறுத்தம் செய்த காலணித் தொழிலாளர் - இவர்களே அதன் நாயகர்கள்! அமெரிக்க அமைச்சரவையில் அமர்ந்த முதற்பெண் பிரான்செஸ் பெர்க்கின்சும் அவர்களோடு நின்றார்.

2011 மார்ச்சில் வந்தது ஆணை: "அகற்றுக!" ஆணையிட்டவர் மாநில ஆளுநர் பால் லெபாஜ். அங்கே ஆளுநர் மக்கள் வாக்கால் வருபவர். ஓவியம் தொழிலாளர் பக்கமே சாய்கிறதாம். முதலாளிமார் மனம் நோகிறதாம்! வார விடுமுறையில், ஆளரவமற்ற வேளையில், ஓவியம் கீழிறங்கியது.

இரு தரப்புக்கும் பொதுவான அலுவலகத்தில் ஒரு தரப்பின் படம் தகுமா என்று கேட்கின்றனர். நியாயம் போலத்தான் தோன்றும். ஆனால், சிறுவர் ஆலையில் வாடியது ஒரு தரப்பின் கருத்தா, நடந்த வரலாறா? 1911இல் நியூயார்க் சட்டை ஆலைத் தீயில் 146 பேர் மாண்டதைக் கண்ணால் கண்டவர் பெர்க்கின்ஸ். அத்தகைய துயரங்களன்றோ தொழிலாளர் சட்டங்களை ஈன்றன? அச்சட்டங்களைக் காக்கும் அலுவலகத்திலேயே அவற்றின் பிறப்பைக் கூறக் கூடாதாம்!

வரலாறு கற்பிக்கும் நாம் அறிவோம்: அணை கட்டிய அரசன் எவனென்றால் வகுப்பே விடை கூறும், கல் சுமந்தவன் யாரென்றால் மௌனமே மிஞ்சும். அந்த மௌனத்தைக் கலைத்த ஓவியமல்லவா அது?

வழக்குத் தொடுத்தனர் சிலர். சுவரிலிருப்பது அரசின் சொந்தப் பேச்சு. அதை நிறுத்த அரசுக்கு உரிமையுண்டு என்றது கூட்டரசு நீதிமன்றம். 2012இல் மேல்முறையீட்டிலும் அதுவே தீர்ப்பு. 2013இல் மாநில அருங்காட்சியகத்தில் ஓவியம் மீண்டும் மக்கள் பார்வைக்கு வந்தது. எனினும், குறை கூற வரும் உழைப்பாளியின் கண்முன் அது இல்லை.

தோழர்களே! அரசு அளித்த சுவரை அரசே பறிக்கலாம். நாளை நம்மவர் ஆட்சியில் அமர்ந்து, தமக்குக் கசக்கும் வரலாற்றை மறைக்க முனைந்தால், அன்றும் இதே கேள்வியை நாம் கேட்டாக வேண்டும். கேட்கத் தயங்கினால் நம் கொள்கை வெறும் கட்சிப்பற்றே. உழைத்தோர் வரலாற்றைச் சுவரிடம் மட்டும் ஒப்படைக்க வேண்டாம். படிப்பகத்திலே, இரவுப் பள்ளியிலே, தெருமுனையிலே நாமே எடுத்துரைப்போம். அங்கெல்லாம் ஓர் ஆணையால் அதை இறக்கிவிட இயலாது!