எந்த டெர்மினல், எந்தத் தெரு

துபாய் விமான நிலையத்தின் முதல் டெர்மினல் வாசலில் நின்று அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். பேசி முடிக்கும்வரை சற்றுத் தள்ளி நின்ற ஒரு பையன் பக்கத்தில் வந்து, "அக்கா, ரெண்டாம் நம்பரு எங்கிட்டு இருக்கு?" என்றான். 'எங்கிட்டு' என்ற ஒரு சொல் போதும். நம்ம பக்கத்து ஆள்.

மூன்று வருடம் கழித்து ஊருக்குப் போகிறான். கூட வேலை பார்ப்பவர் மெட்ரோவில் ஏற்றிவிட்டு, ஏர்போர்ட் என்று சொல்லும் இடத்தில் இறங்கிக்கொள் என்று சொல்லியிருக்கிறார். அவனும் இறங்கிவிட்டான். துபாய் மெட்ரோ முதல் டெர்மினலுக்கும் மூன்றாவதுக்கும் போகும். இரண்டாவதுக்குப் போகாது. அது ஓடுபாதைக்கு அந்தப் பக்கம், தனியாக இருக்கிறது. நடந்து போக முடியாது. கட்டணம் குறைந்த விமானங்கள் பலவும் அங்கேயிருந்துதான் கிளம்புகின்றன. அதாவது, டாக்சிக்குக் காசு இல்லாதவர்கள் அதிகம் போகிற டெர்மினலுக்கு மெட்ரோ கிடையாது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். நம் ஊரில் பஸ் எந்தத் தெரு முனையோடு திரும்பிவிடும் என்பதையும் யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லைதான்.

விமானத்துக்கு இரண்டே கால் மணி நேரம் இருந்தது. "பதறாதே தம்பி, போயிரலாம்" என்று டாக்சி வரிசைக்குக் கூட்டிப் போனேன். வரிசையில் நிற்கும்போது அவன் கேட்டான்.

"நீங்க எந்த ஊருக்கா?"

"அபிராமம்."

"அட! நான் கமுதிப் பக்கம். அபிராமத்துல எங்கிட்டு?"

ஒரு நொடிதான் யோசித்தேன். "பஜார் பக்கம்" என்றேன்.

அவன் தலையாட்டினான். கமுதிப் பக்கம் எந்த ஊர் என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. டாக்சி வந்தது. என் நம்பரை வாங்கிக்கொண்டு ஏறிப் போனான்.

என் வீடு பஜார் பக்கம் இல்லை. காலனியில் இருக்கிறது.

புலம்பெயர் தொழிலாளர் உரிமைக்கான வேலையில் இருக்கிறேன். சமூகவியலில் முதுகலை முடித்தபோது வேலை என்றால் கமுதி, முதுகுளத்தூர் கிராமங்களில் சைக்கிளில் சுற்றுவது என்றுதான் நினைத்தேன். சுற்றினேன். எந்தக் கிராமத்தில் கணக்கெடுத்தாலும் வீட்டில் ஒருவர் வளைகுடாவில், இல்லையென்றால் மலேசியாவில். அவர்கள் பின்னால் போகப் போக விமானம் ஏற வேண்டியதாகிவிட்டது. கொழும்பு, காத்மாண்டு, தோஹா, துபாய், ஒருமுறை ஜெனீவா. இப்போது என் பர்சில் அடிக்கடி பறப்பவர்களுக்கான அட்டை ஒன்றுகூட இருக்கிறது. கரிமூட்டம் போட்டுப் பிள்ளை வளர்த்த அம்மாவிடம் அதைக் காட்டியபோது, "ரேஷனுக்கு ஆவுமா?" என்று கேட்டது.

படிக்கிற தம்பி தங்கைகள் பலர் அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் ஸ்காலர்ஷிப்பிலோ மாநாட்டுக்கோ முதல்முறை விமானம் ஏறப்போகிறீர்கள். உங்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனக்கு யாரும் சொல்லவில்லை.

விமான நிலையம் என்பது ஒரு கட்டடம் இல்லை. டிக்கெட்டில் முதலில் டெர்மினல் எண்ணைப் பாருங்கள், கேட் எண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கிளம்பும் நாள் காலையில் மறுபடி ஒருமுறை பாருங்கள், மாற்றுவார்கள். சென்னையில் உள்நாட்டுப் பகுதிக்குக் காமராசர் பெயர், பன்னாட்டுப் பகுதிக்கு அண்ணா பெயர். ஆனால் உள்ளே எல்லோரும் எண்ணில்தான் பேசுவார்கள். ஒன்றும் நான்கும் உள்நாடு. 2023 ஏப்ரலில் புதுக் கட்டடம் திறந்த இரண்டு, பன்னாடு. மூன்று எங்கே என்று தேடாதீர்கள், இடித்துவிட்டார்கள். மதுரையிலிருந்து சென்னை வந்து வெளிநாடு போகிறவர்கள் இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்திருந்தால், பெட்டி தானாக அடுத்த விமானத்துக்குப் போகாது. எடுத்துக்கொண்டு வெளியே வந்து அடுத்த டெர்மினலில் மறுபடி போட வேண்டும். நான் இது தெரியாமல் ஒருமுறை பெட்டி இல்லாமல் நாடு கடந்திருக்கிறேன். உள்ளே ஒரு கிலோ குண்டு மிளகாய் இருந்தது, அதுதான் வருத்தம். சிங்கப்பூரில் ஒன்று, இரண்டு, மூன்றுக்கு இடையே ரயில் ஓடும், நான்காவதுக்குப் பஸ் பிடிக்க வேண்டும். பெரிய நிலையங்களில் கேட்டுக்கு நடக்கவே அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வழி தெரியவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள். கோட் போட்டவரைவிடத் துடைப்பம் வைத்திருப்பவரைக் கேட்பது நல்லது. அவர்தான் எல்லா மூலைக்கும் நடக்கிறவர்.

இதெல்லாம் இரண்டு பயணத்தில் பழகிவிடும். பழகாதது வேறு.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. தமிழர்களில் பெரும்பாலோருக்கு அது காலி. இனிஷியல் போடுகிறவர்கள் நாம். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடக்கூடாது என்று தீர்மானம் போட்ட நாடு இது. அந்தக் காலி இடம் ஒரு போராட்டத்தின் மிச்சம். (எங்கள் தாத்தாவுக்கு வெட்டிவிட ஒரு பட்டம் இருந்ததே இல்லை என்பது வேறு கதை.) ஆனால் விமான நிலையக் கணினிக்குக் காலி இடம் பிடிக்காது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களை விசிட் விசாவில் விட மாட்டோம் என்று அறிவித்தபோது, எங்கள் அலுவலகப் போன் ஓயவில்லை. உள்பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. பாஸ்போர்ட் எடுக்காதவர்கள் முதலிலேயே அப்பா பெயரையோ அம்மா பெயரையோ அந்தக் கட்டத்தில் போட்டுவிடுங்கள். நான் அப்பா பெயரைப் போட்டேன். அதனால் விமானத்தில் பணிப்பெண்கள் என்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஊரில் பத்து வயசுப் பையன்கள் 'டேய்' போட்டுக் கூப்பிட்ட பெயர். முன்னால் 'மிஸ்' போட்டுக் கேட்கும்போது ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்க்கிறேன்.

அடுத்தது அந்த முத்திரை. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவை என்று அச்சிட்டிருக்கும். ஆங்கில எழுத்தில் ஈசிஆர். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்தது. அந்த முத்திரையோடு வளைகுடா, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக முன் அனுமதி வேண்டும். ஏமாற்றப்படுவதிலிருந்து காப்பாற்றத்தான் என்கிறார்கள். அது பொய்யில்லை. முறைப்படி அனுமதி வாங்கிப் போகிறவருக்கு இரண்டு வருடத்துக்கு 275 ரூபாயில், விபத்தில் இறந்தால் 10 லட்சம் ரூபாய் தரும் காப்பீடு உண்டு. ஆனால் அனுமதிக்கு நாளாகும் என்று ஏஜெண்ட் விசிட் விசாவில் ஏற்றிவிடுகிறார். காப்பீடும் போய்விடுகிறது. யார் பத்தாவது தேறாமல் நிற்கிறார்கள், எந்தத் தெருப் பிள்ளைகள் எட்டாவதோடு செங்கல் சூளைக்கோ கரிமூட்டத்துக்கோ போகிறார்கள் என்று இதைப் படிக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2018 ஜனவரியில் இந்த முத்திரைக்காரர்களுக்கு ஆரஞ்சு நிறத்தில் தனிப் பாஸ்போர்ட் கொடுக்கப்போவதாக ஒன்றிய அரசு அறிவித்தது. தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி. கேரளத்திலிருந்து பெரிய எதிர்ப்பு வந்து, அந்த மாதக் கடைசியிலேயே கைவிட்டார்கள். அதே அறிவிப்பில் இன்னொன்றும் இருந்தது: முகவரி இருக்கிற கடைசிப் பக்கத்தை இனி அச்சிடமாட்டோம் என்று. இரண்டையும் சேர்த்தே கைவிட்டார்கள். முதலாவதை எதிர்த்துக் கையெழுத்து வாங்கித் திரிந்தவள் நான். இரண்டாவது போனதில் உள்ளுக்குள் எனக்கு ஒரு வருத்தம் இருந்தது. அதைக் கூட்டத்தில் சொல்லவில்லை.

விசிட் விசாவில் போனவர்களின் கதை சில நேரம் வேறு வாசலில் முடிகிறது. வருகைப் பகுதியில் சொந்தக்காரர்கள் பெயர் எழுதிய அட்டையோடு நிற்பார்கள் இல்லையா, அங்கே இல்லை. சரக்குப் பிரிவு தனி, அதன் வாசல் தனி. மரணச் சான்று, உடலைப் பதப்படுத்திய சான்று, தூதரகத்தின் தடையின்மைச் சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட், சரக்கு ரசீது. ரசீதில் எடை எழுதியிருக்கும். பயணியாகப் போனவரைக் கிலோ கணக்கில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். அங்கேயிருந்து ஊர்வரை கொண்டுபோக அயலகத் தமிழர் நலத்துறை மூலம் இலவச வண்டி கேட்கலாம், முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். பத்து வருடத்தில் நான் அந்த வாசலில் எத்தனை முறை நின்றேன் என்ற கணக்கு அலுவலகக் கோப்பில் இருக்கிறது. அதை இங்கே எழுத விருப்பமில்லை. வண்டி அபிராமம் வழியாகப் போனால் நானும் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் போய்விடுவேன்.

மதுரை விமான நிலையத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், நமக்குப் பக்கம் அதுதான். பார்த்திபனூர், மானாமதுரை வழியாகப் போனால் இரண்டு மணி நேரம். 2012இல் அங்கிருந்து கொழும்புக்கு விமானம் ஓடத் தொடங்கியது. ஒரே டெர்மினல், தொலையவே முடியாது. அதற்கு யார் பெயர் வைப்பது என்று வெகுநாளாகச் சண்டை நடக்கிறது. முத்துராமலிங்கத் தேவர் பெயர் வேண்டும் என்று ஒரு பக்கம், 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்ட இம்மானுவேல் சேகரன் பெயர் வேண்டும் என்று ஒரு பக்கம். நான் எந்தப் பக்கம் என்று கேட்க மாட்டீர்கள். ஆனால் அந்தச் சண்டையின் சத்தத்தில், ஓடுபாதையை நீட்டுவதற்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்ட சின்ன உடைப்பு மக்களின் குரல் கேட்காமல் போகிறது. 2024 நவம்பரில் அவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். மாற்று இடமும் வீடும் கொடுத்துவிட்டு எங்களை எழுப்பு என்பதுதான் கேட்டது. மேலே விமானம் போகும்போது சன்னலோரம் உட்கார்ந்து கீழே பார்ப்பேன். அந்தக் கூரைகள் தெரியும்.

சரி, பஜார் பக்கம் என்று ஏன் சொன்னேன்? அதைத்தான் இத்தனை நேரம் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

விமான நிலையத்தில் யாருக்கும் யாரையும் தெரியாது, அங்கே சாதி இல்லை என்று எழுதுகிறவர்கள் உண்டு. பாதி உண்மை. இமிக்ரேஷன் அதிகாரிக்கு என் தெரு தெரியாது, தேவையுமில்லை. ஆனால் இரண்டு தமிழர்கள் ஒரே கேட்டில் உட்கார்ந்தால் நான்காவது கேள்வியில் தெருவுக்கு வந்துவிடுவார்கள். ஒருமுறை, எந்த ஊர் நிலையம் என்று சொல்லப்போவதில்லை, உண்மையைச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் சிரித்தபடி எழுந்து, போனைச் சார்ஜ் போட வேண்டும் என்று போனார். திரும்பி வந்து மூன்று இருக்கை தள்ளி உட்கார்ந்தார்.

அம்பேத்கர் 1917இல் லண்டனிலிருந்து திரும்பியபோது அவருடைய பெட்டிகள் வேறு கப்பலில் வந்து, அந்தக் கப்பல் குண்டடிபட்டுக் கடலில் மூழ்கியது. புத்தகமெல்லாம் போனது. பிறகு பரோடாவில் வேலைக்குச் சேரப் போனபோது தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பத்து நாள் கடந்து ஆட்கள் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். அவருடைய தன்வரலாற்றுக் குறிப்புகளுக்கு விசாவுக்காகக் காத்திருப்பது என்று பொருள்படும் தலைப்பு. கொலம்பியாவில் படித்தவருக்கே வேறு பெயர் வேண்டியிருந்தது என்று நினைத்து நான் ஆறுதல்பட்டுக்கொள்ள முடியாது. அவருக்குத் தங்க இடமில்லை. எனக்கு டாக்சி வரிசையில் ஐந்து நிமிடம் நிற்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அந்தப் பையன் என்னை என்ன செய்துவிடுவான்? ஒன்றுமில்லை. 'அக்கா' என்று கூப்பிட்டுவிட்டான், அது போய்விடுமோ என்று பயந்தேன். 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் சொன்னார். நல்லது. என் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இன்னும் அச்சொல் இருக்கிறது.

நான்கு மாதம் கழித்து ஒரு வாட்ஸ்அப் வந்தது. 'அக்கா, ஏர்போட்டுல டாக்சி ஏத்திவிட்டீங்கள்ல, அந்தப் பையன். மூணு வருசம் வெளிநாட்ல இருந்தா ஈசிஆர் எடுத்துரலாம்ங்கறாங்க, நெசமா?' உண்மைதான், மூன்று வருடம் வெளிநாட்டில் இருந்ததற்கு ஆதாரம் காட்டினால் புதுப் பாஸ்போர்ட்டில் அந்த முத்திரை வராது. முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொன்னேன்.

அனுப்பினான். கடைசிப் பக்கத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். அப்பா பெயர், அம்மா பெயர், கதவு எண். பிறகு, காலனி. கமுதி வட்டம்.

கொஞ்ச நேரம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுதினேன்: 'தம்பி, கிடைச்சுச்சு. நானும் காலனிதான். அன்னைக்குப் பஜார் பக்கம்னு சொல்லிட்டேன்.'

நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தால் வந்திருந்தது.

'தெரியும்க்கா. நீங்க ஒரு நொடி யோசிச்சீங்கள்ல, அப்பவே தெரியும். அதான் நானும் ஊர்ப் பேரைச் சொல்லல. சரி, அந்த முத்திரைய எடுத்துருவாங்கள்ல?'