பெண்ணைக் கரையில் இளவேனில்

பட்டினம் என்னும் சொல் கடற்கரையில் அமைந்த ஊரைக் குறிப்பது. காவிரிப்பூம்பட்டினம், நாகப்பட்டினம் என்பன அவ்வாறு பெயர் பெற்றவை. ஆயினும், கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டினத்திற்குக் கடலும் இல்லை, காவிரியும் இல்லை. அவ்வூரை ஒட்டி ஓடுவது தென்பெண்ணை. கன்னட நாட்டு நந்தி மலையில் பிறந்து, ஓசூர்ப் பகுதி வழியாகத் தமிழகம் புகுந்து, கிருஷ்ணகிரி அணையில் தங்கி, காவேரிப்பட்டினத்தைக் கடந்து, கடலூருக்கு அருகே வங்கக் கடலில் கலக்கும் ஆறு அது. கடற்கரை உலாவின் இன்பம் அவ்வூரார்க்கு வாய்க்கவில்லை எனினும், அதற்கு ஈடான ஆற்றங்கரை உலா அவர்களுக்கு உண்டு.

சித்திரைத் திங்கள் இளவேனிலின் தொடக்கம். அப்போது ஆற்றில் நீர் குறைந்து, மணல் திட்டுகளும் கூழாங்கல் பரப்புகளும் வெளிப்பட்டிருக்கும். கதிரவன் வெம்மை கொள்ளுமுன் கரைவழியே நடப்பவரை முதலில் வரவேற்பன மலர்களே. புங்க மரத்தடியில் உதிர்ந்த பூக்கள் பொரியைப் பரப்பியதுபோலக் கிடக்கும். வேம்பின் சிறு வெண்பூக்கள் கண்ணுக்குப் புலனாகுமுன் மணத்தால் தம் இருப்பை உணர்த்தும். கொன்றை பொன்னிறச் சரங்களைத் தொங்கவிடும். தரையை நோக்கினால், எருக்கும் ஆவிரையும் நெருஞ்சியும் விதைப்பாரும் நீர் வார்ப்பாரும் இன்றித் தாமே மலர்ந்து நிற்கும்.

மலரைக் கண்ட கண் அடுத்துப் பறவையை நாடும். நீரின்மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, மீனைக் கண்டதும் எறிந்த கல்லைப்போல நேரே விழுவது கருப்பு வெள்ளை மீன்கொத்தி. நீல முதுகும் வெண்மார்பும் உடைய மற்றொரு மீன்கொத்தி, கிளையில் அமர்ந்து காத்திருந்து பாயும். பச்சை நிறப் பஞ்சுருட்டான் பறந்தவாறே பூச்சியைப் பற்றி, கிளைக்குத் திரும்பி, அதனை அடித்துக் கொன்று உண்ணும். இம்மூன்றும் மரத்தில் கூடு கட்டுவதில்லை. ஆற்றின் மண்கரையில் வளை தோண்டி அதனுள் முட்டையிடும். மாமரத்துள் மறைந்து கூவும் குயிலினமோ கூடே கட்டுவதில்லை. காக்கையின் கூட்டிலேயே முட்டையிடும். கூவுவது கரிய ஆண்குயில். பெண்குயில் புள்ளிகள் நிறைந்த பழுப்பு நிறத்தது.

இவற்றினும் வியப்புக்குரியது ஆள்காட்டி. அது வெற்றுத் தரையில், கூழாங்கற்களின் நடுவே, பெரும்பாலும் 4 முட்டைகளை இடும். முட்டையின் நிறமும் புள்ளியும் கல்லையே ஒத்திருத்தலின், காக்கையும் நாயும் அதனைக் காணாது ஏமாறும். அவ்வாறே மனிதர் காலும் ஏமாறும். எவரேனும் அணுகினால், தாய்ப்பறவையும் தந்தைப்பறவையும் தலைக்குமேல் சுழன்று கதறும். அறியாதவர் அதனை வெறுங்கூச்சல் என்று கருதி மேலே நடப்பர். அறிந்தவர் அங்கேயே நின்று, அடி வைக்கும் இடத்தை நோக்கி, மெல்ல விலகுவர். ஒருவர் அப்பறவையின் இயல்பை அறிந்திருப்பதும் அறியாதிருப்பதும் 4 உயிர்களுக்கு வாழ்வும் சாவும் ஆகின்றன.

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனத் திணைகளுக்குப் பெயர் வைத்தனர் தமிழ்ச் சான்றோர். கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை வரிசைப்படுத்தினார். அவ்வரிசையைத் தடையின்றி ஒப்பிக்கும் மாணவர் உளர். ஆனால், அதில் இடம்பெற்ற ஆவிரையும் கொன்றையும் தம் ஊர் ஆற்றங்கரையில் பூத்திருக்க, அவற்றைப் பெயர் தெரியாமல் கடந்து செல்வோரும் அவர்களுள் உளர். நாவில் இருக்கும் பெயர் கண்ணில் உள்ள பொருளோடு சேராதாயின், அக்கல்வி பாதிக் கல்வியே ஆகும்.

அப்பாதிக் கல்வியால் விளையும் கேடு சிறிதன்று. கரையை வெட்டி மண் அள்ளும்போது, அங்கிருந்த வளைகளும் குஞ்சுகளும் அழிவதை அறியாதவர் உணர்வதில்லை. பெங்களூர்ப் பகுதிக் கழிவுகள் கலந்த பெண்ணை நீர், ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரையாகப் பொங்கிய செய்தி நாளிதழ்களில் பலமுறை வெளிவந்துள்ளது. தொழிற்சாலைகள் பல குடும்பங்களுக்குச் சோறு அளிக்கின்றன, அவை வேண்டும். ஆறும் வேண்டும். இரண்டையும் காக்கும் பொறுப்பு, இன்று பள்ளியில் பயில்வோர் கைகளுக்கே நாளை வந்து சேரும்.

அதற்குரிய பயிற்சி எளியது. ஒரு சிறு குறிப்பேடும் எழுதுகோலும் போதும். கண்ட நாள், இடம், மலர் அல்லது பறவையின் நிறம், செயல் ஆகியவற்றை மாணவர் எழுதி வைத்தல் வேண்டும். பெயர் தெரியாதவற்றை உழவரிடமும் மீனவரிடமும் ஆடு மேய்ப்பவரிடமும் கேட்டறிதல் வேண்டும். மலரைப் பறித்தலும் கூட்டைத் தொடுதலும் ஆகா. ஆண்டுதோறும் இவ்வாறு எழுதிவரின், எந்தப் பூ முந்தியது, எந்தப் பறவை வாராது போயிற்று என்பதை அவ்வேடே சொல்லும். ஒன்று குறைவதை முதலில் அறிபவர், அது முன்பு இருந்ததை அறிந்தவரே அன்றோ?