புதுப்பிக்க மறுத்த கணினியும் நானும்



சென்ற வாரம் இளம் ஆசிரியை ஒருவர் என்னை அழைத்தார். பள்ளிக் கணினியில் நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் மூன்று நாள்களாகப் புதுப்பித்துக்கொள்ள மறுக்கிறதாம். "இணையம் மந்தமாக இருக்கிறது போலும், ஐயா. பொறுத்துப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார். அக்கேள்வி என்னை 2009-ஆம் ஆண்டின் தொடக்கத்திற்கு இழுத்துச் சென்றது. அன்று நானும் அவ்வாறுதான் பொறுத்துப் பார்த்தேன். அந்தப் பொறுமைக்கு என்ன விலை கொடுத்தேன் என்பதை இதுவரை எழுதியதில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

அப்போது சுபாங் ஜெயாவில் குடியிருந்தேன். நான் பணியாற்றிய தமிழ்ப்பள்ளியின் கணினிக்கூடத்தில் 18 கணினிகள் இருந்தன. அனைத்திலும் விண்டோஸ் எக்ஸ்பி. அக்கூடத்தின் பொறுப்பு என்னிடம் இருந்தது. பயிற்சி பெற்றவன் என்பதனால் அன்று. மற்ற ஆசிரியர்களைவிடச் சற்று ஆர்வம் மிகுந்தவன் என்பதனால்.

ஐந்தாம் ஆண்டில் ஒரு மாணவி இருந்தாள். தாயார் தொழிற்சாலைப் பணி முடிந்து வரும்வரை அவள் பள்ளியிலேயே காத்திருப்பாள். வீட்டில் கணினி இல்லை. முரசு அஞ்சலில் தட்டச்சு செய்யக் கற்றுக்கொடுத்தேன். முந்திய ஆண்டு முழுவதும் மாலை வேளைகளில், சன்னலோரமாக இருந்த கணினியில் அமர்ந்து கதைகள் எழுதினாள். மொத்தம் ஏழு கதைகள். "தாளில் எழுதினால் தொலைந்துவிடும். கணினி பத்திரமாக வைத்திருக்கும்" என்று அவளிடம் சொன்னவன் நான்தான்.

2009 ஜனவரியில் பள்ளி திறந்ததும் சிக்கல் தொடங்கியது. மென்பொருளைப் புதுப்பிக்கப் பணித்தால், பட்டை சிறிது நேரம் அசையாமல் நிற்கும். பின்னர், சேவையகத்துடன் தொடர்புகொள்ள இயலவில்லை என்ற செய்தி வரும். எனக்கு ஐயமே எழவில்லை. இணைப்பின்மீதே பழி போட்டேன். அதற்குக் காரணமும் இருந்தது. 2006 டிசம்பர் 26-இல் தைவானுக்கு அருகே நிகழ்ந்த நிலநடுக்கத்தில் கடலடிக் கம்பிவடங்கள் பல அறுந்தன. நம் நாட்டிலும் இணையம் நத்தையாய் ஊர்ந்தது. அந்த நினைவு மனத்தில் இருந்ததால், எது தாமதமானாலும் "இணைப்பு சரியில்லை" என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

வீட்டுக் கணினியிலும் முயன்றேன். அங்கும் அதே செய்தி. "பார்த்தீர்களா, இரண்டு இடத்திலும் இணைப்பு இப்படித்தான்!" என்று ஆசிரியர் அறையில் வெற்றிக் களிப்போடு அறிவித்தேன். செய்தித்தாள்களின் தளங்களும் மின்னஞ்சலும் தடையின்றித் திறந்துகொண்டிருந்ததை நான் கருத்தில் கொள்ளவே இல்லை.

பொங்கலுக்கு மறுவாரம் பொறுமை இழந்தேன். சன்னலோரக் கணினியை முற்றிலும் அழித்து, எக்ஸ்பியைப் புதிதாக நிறுவினேன். அதற்கு முன்பு, திரையின் முகப்பில் இருந்த மாணவர் கோப்புறையை என் பென்டிரைவில் நகல் எடுத்துக்கொண்டேன். அன்று மாலை மென்பொருள் அழகாகப் புதுப்பித்துக்கொண்டது. மறுநாள் காலை மீண்டும் அதே பிழைச்செய்தி.

பென்டிரைவைத் திறந்தேன். நான் நகல் எடுத்தது கோப்புறையை அன்று. கோப்புறைக்கு வழிகாட்டும் குறுவழிப் படவுருவை மட்டுமே. மூலையில் சிறிய அம்புக்குறி இருந்தது. அந்த அம்பு சுட்டிய இடம் இனி இல்லை. ஏழு கதைகளும் போயின.

என் முன்னாள் மாணவர் ஒருவர் எஸ்எஸ் 15 வட்டாரத்தில் கணினி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். தைப்பூசத்திற்கு முந்திய வாரம் அவரைத் தேடிப் போனேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, வேறு வேறு இணைப்பு, வேறு வேறு கணினி. இரண்டு இடத்திற்கும் பொதுவானது எது?"

வகுப்பறையில் நான் ஆயிரம் முறை கேட்ட வகைக் கேள்வி அது. என் சட்டைப்பையில் இருந்த பென்டிரைவைத் தொட்டுப் பார்த்தேன். பதில் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

அது கான்ஃபிக்கர் என்னும் புழு. 2008 நவம்பரில் வெளிப்பட்டது. விண்டோசில் இருந்த ஓட்டை ஒன்றின் வழியே வலையமைப்பில் பரவியது. அவ்வோட்டையை அடைக்கும் ஒட்டினை மைக்ரோசாஃப்ட் 2008 அக்டோபர் 23-ஆம் நாளே வெளியிட்டிருந்தது. ஆண்டிறுதியில் வந்த இரண்டாம் வகை, பென்டிரைவின் தானியக்க வசதியையும் பயன்படுத்திக்கொண்டது. கடவுச்சொற்களையும் ஊகித்துப் பார்த்தது. எங்கள் கூடத்தின் கடவுச்சொல் '12345'. அப்புழுவின் பட்டியலிலேயே அது இருந்தது!

அதன் தந்திரம்தான் வியப்புக்குரியது. நாம் ஒரு தளத்தின் பெயரைக் கேட்கும்போது, கணினி அப்பெயருக்குரிய எண்முகவரியைத் தேடுகிறது. இப்புழு அத்தேடலின் நடுவில் அமர்ந்துகொள்ளும். கேட்கப்படும் பெயரில் மைக்ரோசாஃப்டின் பெயரோ நச்சுநிரல் எதிர்ப்பு நிறுவனங்களின் பெயரோ இருந்தால், தேடலை முறித்துவிடும். ஏனைய தளங்கள் வழக்கம்போல் திறக்கும். திருடன் வீட்டிற்குள் புகுந்ததும், காவல் நிலையத்திற்குப் போகும் தொலைபேசி அழைப்பை மட்டும் துண்டித்துவிட்டு, மற்ற அழைப்புகளை அனுமதிப்பதைப் போன்றது இது.

பின்னர் இப்புழுவை எதிர்க்க அமைந்த பணிக்குழுவின் வழியே எளிய சோதனை ஒன்று வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகை காட்டுவார்களே, அதைப் போன்ற ஒரு பக்கம். பாதுகாப்புத் தளங்களிலிருந்து எடுக்கப்படும் படங்களும் பிற தளங்களின் படங்களும் அதில் இருக்கும். முன்னவை மட்டும் தெரியாவிட்டால் கணினிக்கு நோய் என்று பொருள். அதற்குள் எங்கள் கூடம் குணமாகிவிட்டது. ஆயினும் மாணவர்களுக்கு அதைக் காட்டி விளக்கினேன்.

குணமாக்கிய முறையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் 18 கணினிகளின் வலைக் கம்பிகளையும் பிடுங்கினோம். ஒன்றை மட்டும் சுத்தம் செய்தால் மற்றது அதைத் தீண்டிவிடும்; நான் புதிதாக நிறுவிய எக்ஸ்பி ஓரிரவில் வீழ்ந்ததன் காரணம் அதுவே. நீக்கும் கருவியையும் மைக்ரோசாஃப்டின் ஒட்டினையும் கடையின் தூய கணினியில் இறக்கி, குறுந்தட்டில் எழுதி எடுத்துவந்தோம். குறுந்தட்டில் புழு ஏற முடியாதல்லவா! ஒவ்வொன்றாகத் துடைத்தோம், ஓட்டையை அடைத்தோம், தானியக்கத்தை நிறுத்தினோம், கடவுச்சொல்லை மாற்றினோம். இறுதியாகத்தான் கம்பியைச் செருகிப் புதுப்பித்தோம். இரண்டு சனிக்கிழமைகள் பிடித்தன.

ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று, "உங்கள் பென்டிரைவுகளில் புழு இருக்கலாம், கொண்டுவந்தவன் நானாகவும் இருக்கலாம்" என்று சொன்னேன். அது கடினமாக இருந்தது. அதனினும் கடினமானது அம்மாணவியிடம் சொன்னது. அவள் அழவில்லை. "எல்லாமா, ஐயா?" என்று மட்டும் கேட்டாள். இரண்டு கதைகளைத் திரும்ப எழுதினாள். மற்றவை நினைவில் இல்லை என்றாள். அவ்விரண்டையும் அவள் கணினியில் எழுதவில்லை. நோட்டுப் புத்தகத்தில் எழுதினாள். நான் எதுவும் சொல்லவில்லை.

இளம் ஆசிரியைக்கு நான் கூறியதை உங்களுக்கும் கூறுகிறேன். புதுப்பித்தல் தடைபட்டால் வரிசையாகக் கேளுங்கள். கணினியின் நாளும் நேரமும் சரியா? தாய்ப்பலகை மின்கலம் தேய்ந்து நாள் பின்னோக்கிப் போயிருந்தால், பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றும், தொடர்பு மறுக்கப்படும். வட்டில் இடம் இருக்கிறதா? உரிமக் காலம் முடிந்துவிட்டதா? இரண்டு எதிர்ப்பு மென்பொருள்கள் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கின்றனவா? ஏனைய தளங்கள் திறந்து, பாதுகாப்புத் தளங்கள் மட்டும் திறக்கவில்லையா? கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்றால் காத்திருக்காதீர்கள்; கம்பியைப் பிடுங்குங்கள், அருகலையை அணையுங்கள்.

புதுப்பித்தலே நோயாவதும் உண்டு. 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பினால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் ஏர் ஏசியா பயணிகளைக் கைமுறையாகப் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. ஆகவே மருந்தை நம்புவதோடு, நகலையும் வைத்திருக்க வேண்டும். நகல் எடுத்த பின், அதை வேறொரு கணினியில் திறந்து பார்க்கவும் வேண்டும். திறந்து பார்க்காத நகல், நகல் ஆகாது.

அந்த ஆசிரியையின் கணினியில் சிக்கல் வேறு. நாள் 2015 என்று காட்டியதாம். சில ரிங்கிட் மதிப்புள்ள மின்கலத்தை மாற்றியதும் புதுப்பித்துக்கொண்டது. மகிழ்ச்சியோடு நன்றி கூறினார். "மாணவர்கள் எழுதிய கோப்புகள் எங்கே இருக்கின்றன, அம்மா?" என்று கேட்டேன். "கணினியில்தான், ஐயா" என்றார்.

இன்றே நகல் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். நாளை மீண்டும் அழைத்து, திறந்து பார்த்தாரா என்று கேட்க வேண்டும்.